மூன்று ஆசை, ஒரு பை: தொடுதிரை மடிக்கணினியில் கேம் விளையாட விரும்புவோருக்கு

கேரள எல்லையில், மலைமேல் இருக்கும் குமுளியில் என் அக்கா வீட்டாருக்கு ஏலக்காய்க் கடை இருக்கிறது. கோட்டயத்தில் பொறியியல் படிக்கும் அக்கா மகன், சனிக்கிழமை மாலை பேருந்தை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்குத்தான் வருவான். போன மாதம் அப்படி வந்தவன் முதுகுப் பையைக் கழற்றும்போது முகத்தைச் சுளித்தான். முண்டக்கயம் தாண்டியும் உட்கார இடம் கிடைக்கவில்லையாம். குட்டிக்கானம் ஏற்றத்தின் வளைவுகள் அத்தனையிலும் பையைத் தோளில் சுமந்தபடியே நின்று வந்திருக்கிறான்.

பையை வாங்கி ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்தேன். கிராம் கணக்கில் காசு பேசும் பண்டத்துக்கான தராசு அது; துல்லியமாகக் காட்டும். 6 கிலோ 140 கிராம். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். மடிக்கணினி 2 கிலோ 390. அதன் சார்ஜர் மட்டும் 760 கிராம். பையின் கனத்தில் பாதிக்கும் மேல் இந்த இரண்டும்தான்.

"இதை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று இருக்கிறேன், மாமா. எடை குறைவாக இருக்க வேண்டும். பேனாவால் படம் வரையத் தொடுதிரை வேண்டும். ராத்திரி நண்பர்களோடு கேம் விளையாடவும் வேண்டும். மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்குமா?"

மலைக்குக் கீழே, தமிழகப் பக்கம் இருக்கும் கம்பத்தில் நான் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மலைக்குக் கீழே இருந்தும் மேலே இருந்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதே பதில். ஆனால் மூன்றில் ஒவ்வொன்றும் மற்ற இரண்டிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்ளும். எது எதைப் பிடுங்குகிறது என்று தெரிந்துவிட்டால், கடையில் நிற்கும்போது யார் சொல்வதையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை.

பெயர் ஒன்று, வாட் வேறு

கேம் என்பது கணினிக்குச் சுமை தூக்கும் வேலை. திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் நொடிக்கு அறுபது முறை, சில நேரம் நூறு முறைக்கும் மேல், புதிதாக வரைந்து காட்ட வேண்டும். இந்த வரையும் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் சிப். அது வேலை செய்ய மின்சாரம் வேண்டும். உள்ளே போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளியே வரும். அந்த வெப்பத்தைச் செம்புக் குழாய்களும் மின்விசிறிகளும் பெட்டிக்கு வெளியே தள்ள வேண்டும். பெட்டி மெலிதானால் குழாய்க்கும் விசிறிக்கும் இடம் குறையும். ஆகவே மெலிந்த மடிக்கணினியைத் தயாரிப்பவர் அதே சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல லோயர்கேம்பைக் காட்டினால் போதும். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் அங்கே நான்கு ஜெனரேட்டர்களைச் சுழற்றுகிறது. அணையில் திறக்கும் நீரைக் குறைத்தால், மறுநாள் நாளிதழில் "லோயர்கேம்பில் மின் உற்பத்தி சரிவு" என்று செய்தி வரும். ஜெனரேட்டர்கள் மாறவில்லை, மின்நிலையத்தின் பெயரும் மாறவில்லை, வரும் தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. மடிக்கணினியின் கிராபிக்ஸ் சிப்பும் இப்படித்தான். அதற்குத் தண்ணீர், வாட்.

என்விடியா நிறுவனத்தின் மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்பை எடுத்துக்கொள்வோம். அதை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ள மடிக்கணினித் தயாரிப்பாளருக்கு இடமுண்டு. பெட்டியின் மேல் ஒட்டிய வில்லையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். கனமான பெட்டியில் நூறு வாட்டுக்கு மேல் ஓடும் 4060-க்கும், மெலிந்த பெட்டியில் 50 வாட்டில் ஓடும் 4060-க்கும் ஒரே கேமில் பெரிய வித்தியாசம் தெரியும். தாராளமாக வாட் கிடைக்கும் ஒருபடி கீழான 4050 சிப்பே, பட்டினி கிடக்கும் 4060-ஐ முந்திவிடுவதுண்டு.

அதனால் கடைக்காரரிடம் "கிராபிக்ஸ் கார்டு என்ன?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "அதற்கு எத்தனை வாட்?" என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில், தொழில்நுட்ப விவரப் பட்டியலில், கிராபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பக்கத்திலேயோ கீழே சிறிய எழுத்திலேயோ அந்த எண் பெரும்பாலும் இருக்கும். அந்த எண் எங்குமே கிடைக்காவிட்டால், அது குறைவு என்றே எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

கம்பத்தில் ஒரு வேகம், வண்டன்மேட்டில் ஒரு வேகம்

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு மெலிதான, மடக்கக்கூடிய தொடுதிரை மடிக்கணினி ஒன்று வாங்கினேன். விவரப் பட்டியலில் சிப் நன்றாக இருந்தது. கடையில் ஐந்து நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்தபோதும் நன்றாகவே ஓடியது. சித்திரை மாதம், கம்பத்தில் என் வீட்டு மாடியறை. நொடிக்கு அறுபது காட்சி என்று தொடங்கிய கேம் கால் மணி நேரத்தில் முப்பதுக்கு இறங்கியது. விசிறி கத்திக்கொண்டே இருந்தது. விசைப்பலகையில் டபிள்யூ எழுத்துப் பக்கம் விரல் வைக்க முடியவில்லை. இட்லிச் சட்டியின் மூடியைத் தொட்டதுபோல இருந்தது. மென்பொருள் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் செலவழித்து, எல்லா மென்பொருளையும் அழித்து மறுபடி நிறுவினேன். பயன் இல்லை.

அடுத்த வாரம் மலைமேல் இருக்கும் வண்டன்மேட்டில் உறவினர் ஏலத்தோட்டத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. அதே மடிக்கணினி, அதே கேம், அதே அமைப்பு. ஒரு மணி நேரம் ஆகியும் காட்சிகள் ஐம்பதுக்குக் கீழே போகவில்லை. அப்போதுதான் புரிந்தது. குறை மென்பொருளில் இல்லை, காற்றில்.

கணக்காகவே பார்க்கலாம். சிப்புகள் ஏறத்தாழ நூறு டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்; அதை நெருங்கியதும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பது சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. அறை 38 டிகிரி என்றால் வித்தியாசம் 62. மலைமேல் 22 டிகிரி என்றால் 78. அதே விசிறி, அதே குழாய் இருந்தும் மலைமேல் கால் பங்கு அதிக வெப்பத்தை வெளியே தள்ள முடிகிறது. மெலிந்த பெட்டிக்கு ஏற்கெனவே மூச்சு குறைவு. அதற்கு இந்தக் கால் பங்கு பெரிய விஷயம். இணையத்தில் வரும் வேகச் சோதனைகள் பல குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. கம்பத்திலும் பாலக்காட்டிலும் சித்தூரிலும் கோடையில் விளையாடப் போகிறவர், அங்கே காட்டும் எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

கடையில் சோதித்துப் பார்க்க விட்டால் ஐந்து நிமிடத்தோடு எழுந்துவிடாதீர்கள். இருபது நிமிடமாவது ஓட விடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா மடிக்கணினியும் நல்ல பிள்ளைதான்.

முதலில் கேமைச் சொல்லுங்கள்

மருமகனிடம் நான் முதலில் கேட்டது, "எந்த கேம் விளையாடுவாய்?" என்றுதான். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மடிக்கணினி தேடுவது, எந்த ஊர் என்று சொல்லாமல் டிக்கெட் கேட்பதைப் போன்றது.

வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 போன்றவற்றுக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் சிப் தேவையே இல்லை என்ற நிலை இப்போது வந்துவிட்டது. பிராசஸருக்குள்ளேயே உடன் வரும் கிராபிக்ஸ், முன்பு படம் பார்க்கவும் தட்டச்சு செய்யவும் மட்டுமே போதும் என்ற அளவில் இருந்தது. இன்று ஏஎம்டியின் ரேடியான் 780எம், 890எம், இன்டெலின் ஆர்க் 140வி போன்ற உள்ளமை கிராபிக்ஸ்கள் இத்தகைய கேம்களை நடுத்தர அமைப்பில் சரளமாக ஓட்டுகின்றன. இவற்றில் பிராசஸரும் கிராபிக்ஸும் சேர்ந்தே 30 வாட் அளவில் வேலையை முடித்துவிடும். வெப்பம் குறைவு, பெட்டி மெலிது, சார்ஜர் சிறியது. ஒன்றரை கிலோவுக்குக் கீழே தொடுதிரையோடு கேமும் வேண்டும் என்பவருக்குப் பெரும்பாலும் இந்த வழிதான் பொருந்தும். இதை வாங்கச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது, "தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையா?" என்று. அவர்கள் விளையாடும் கேம்களுக்கு அது வேண்டியதில்லை என்று ஓட்டிக் காட்டிய பிறகே நம்புகிறார்கள்.

சைபர்பங்க் 2077 போலப் பெரிய நகரத்தையே கண்முன் எழுப்பும் கேம்கள் வேறு வகை. உள்ளமை கிராபிக்ஸில் அவை எல்லா அழகையும் குறைத்து வைத்தால் தட்டுத் தடுமாறி ஓடும். அவை முக்கியம் என்றால் தனிச் சிப் வேண்டும், எடை 1.6 முதல் 2 கிலோ வரை போகும், தொடுதிரை உள்ள மாடல்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கும், விலை எகிறும். ஆசஸ் நிறுவனம் 2025-இல் அறிமுகப்படுத்திய ஆர்ஓஜி ஃப்ளோ இசட்13 இந்த மூன்று ஆசைகளையும் ஒருசேர நிறைவேற்ற முயன்ற கருவி. 13.4 அங்குலத் தொடுதிரை. விசைப்பலகை இல்லாமல் சுமார் 1.2 கிலோ, உள்ளமை கிராபிக்ஸே தனிச் சிப்புக்குப் போட்டி போடும் அளவுக்குப் பெரிது. அதன் விலையைக் கேட்டால் ஒரு மாணவனின் பல பருவக் கட்டணம் நினைவுக்கு வரும்.

திரையின் அடர்த்தியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். மெலிந்த தொடுதிரை மடிக்கணினிகளில் இப்போது 2880-க்கு 1800 புள்ளிகள் கொண்ட திரை பரவலாக வருகிறது. பெருக்கினால் 51 லட்சத்து 84 ஆயிரம் புள்ளிகள். 1920-க்கு 1200 திரையில் 23 லட்சத்து 4 ஆயிரம்தான். முதல் திரையில் ஒரு காட்சியை வரைய இரண்டேகால் மடங்கு வேலை. வாட் குறைந்த சிப்பை இந்தத் திரையோடு சேர்த்துவிட்டு முழு அடர்த்தியில் விளையாட நினைத்தால் தவிப்புதான் மிஞ்சும். கேமின் அமைப்பில் அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளலாம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் என்ற பெயர்களில் வரும் வசதிகளும் கை கொடுக்கும். இவை காட்சியைச் சிறிதாக வரைந்து, பிறகு பெரிதாக்கி மெருகேற்றிக் காட்டுபவை. அடர்த்தி நடுத்தரமாக இருந்து, நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை கிடைத்தால், கேமுக்கு அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. 120 ஹெர்ட்ஸில் 8.3. கண்ணுக்கு அந்த வித்தியாசம் பழகிவிட்டால் பழையதற்குத் திரும்ப மனம் வராது.

விரல் படும் திரை எதற்கு?

மூன்று ஆசைகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது தொடுதிரைதான். கைப்பேசியில் விரலால் விளையாடிப் பழகியவர்கள், மடிக்கணினியில் தொடுதிரை இருந்தால் அதேபோல விளையாடலாம் என்று நினைக்கிறார்கள். கணினி கேம்களில் பெரும்பாலானவை விசைப்பலகை, மவுஸ், கன்ட்ரோலர் ஆகியவற்றுக்காகவே எழுதப்பட்டவை. அவற்றில் திரையைத் தொட்டால், கணினி அதை ஒரு மவுஸ் கிளிக் என்றே எடுத்துக்கொள்ளும். சுடும் கேமில் திரையைத் தொட்டுப் பாருங்கள். பார்வை எங்கோ வானத்தைப் பார்த்துத் துள்ளும். சதுரங்கம், சீட்டு, மாறி மாறி ஆடும் உத்தி விளையாட்டுகள், குழந்தைகளுக்கான புதிர்கள் ஆகியவற்றில் விரல் நன்றாக வேலை செய்யும். விண்டோஸ் 11-இல் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தந்திருந்த வசதியும் 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

அப்படியானால் தொடுதிரை வேண்டாமா? என் மருமகனுக்கு வேண்டும். அவன் சுற்றுவரைபடங்களையும் கணிதச் சமன்பாடுகளையும் வகுப்பில் பேனாவால் எழுதுகிறான். மவுஸால் வகைக்கெழு எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். அதனால் அவனுடைய தொடுதிரை படிப்புக்கானது, கேமுக்கானது இல்லை. இப்படிப் பிரித்துச் சொன்னதும் அவன் தேடிய பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்தது.

தொடுதிரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் குறைகளும் புரியும். கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்தி வலை ஒன்று பரவியிருக்கிறது. அதில் எப்போதும் சிறிய மின்புலம் இருக்கும். நம் விரலும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அது நெருங்கியதும் அந்த இடத்தில் மின்புலம் கலையும். எந்தக் குறுக்குவெட்டில் கலைந்தது என்று ஒரு சிறிய சிப் நொடிக்குப் பல முறை தேடிக் கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்புலத்தைக் கலைக்கும். அதனால்தான் சாரல் விழுந்த திரையில் அம்புக்குறி தானாக ஓடுகிறது. ஈரக்கையோடு தொட்டால் ஓரிடத்தில் வைத்த விரல் வேறிடத்தில் பதிகிறது. ஜூன், ஜூலையில் குமுளியிலிருந்து "திரையில் பேய் பிடித்திருக்கிறது" என்று வரும் மடிக்கணினிகளில் சிலவற்றைத் துணியால் துடைத்ததும் சரியாகிவிடும். கூலி வாங்காமல் அனுப்பிவிடுவேன்.

விரலைத் தாங்க மேலே உறுதியான கண்ணாடி வேண்டும். அது சில பத்து கிராமிலிருந்து நூற்றுச் சொச்சம் கிராம் வரை எடையைக் கூட்டும். பளபளப்பாக இருக்கும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கேமின் இருட்டுக் காட்சிகளில் உங்கள் முகமே தெரியும். பெரும்பாலான மாடல்களில் கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், மேல் கண்ணாடி கீறல் விட்டாலும் முழுத் திரையையே மாற்ற வேண்டியிருக்கும். பேருந்துப் பயணம் அதிகம் உள்ளவர்கள், கீழே விழுந்து உடைவதையும் ஈடுசெய்யும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடுதிரையோடு சேர்த்தே வாங்குவது நல்லது. சாதாரண வாரண்டி உடைப்பை ஏற்காது.

பேனா வேண்டும் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். தொடுதிரை என்றாலே பேனா வேலை செய்யும் என்று பொருளில்லை. ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனா வெறும் விரலுக்குச் சமம். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும் பேனாவுக்குத் திரையின் உள்ளேயே ஆதரவு இருக்க வேண்டும். அதிலும் வெவ்வேறு தயாரிப்பாளர்கள் வெவ்வேறு முறைகளைப் பின்பற்றுகிறார்கள். அந்த மாடலுக்கு எந்தப் பேனா பொருந்தும், பெட்டியோடு வருமா, தனியாக வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வடிவத்திலும் வகைகள் உண்டு. சாதாரணமாகத் திறந்து மூடும் மடிக்கணினியில் தொடுதிரை இருந்தால், பேனாவை அழுத்தும்போது திரை பின்னால் சாய்ந்து ஆடும். எழுதுவதற்கு அது உதவாது. 360 டிகிரி மடங்கும் வகைதான் மாணவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பயன் உண்டு. திரையைப் பின்னால் மடித்து, கூடாரம்போல மேசையில் நிறுத்தி, ஒரு கன்ட்ரோலரை இணைத்து விளையாடிப் பாருங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் மேசையில் அடைபடாமல் திறந்திருக்கும். சுடும் விசைப்பலகையில் கை வைக்க வேண்டியதில்லை. திரையும் கண்ணுக்கு அருகில் வரும். மெலிந்த பெட்டியின் வெப்பச் சிக்கலுக்கு நான் கண்ட மிக எளிய வைத்தியம் இது. திரையைத் தனியாகக் கழற்றும் வகை எடையில் இன்னும் குறைவு. ஆனால் விடுதிக் கட்டிலில் மடியில் வைத்துத் தட்டச்சு செய்யச் சிரமப்படுவீர்கள்.

சார்ஜரையும் சேர்த்து நிறுங்கள்

விளம்பரத்தில் போடும் எடை மடிக்கணினியின் எடை மட்டுமே. 200 வாட்டுக்கு மேல் தரும் சார்ஜர்கள் செங்கல் போலக் கனக்கும். அதற்கு மாறாக, உள்ளமை கிராபிக்ஸ் கொண்ட மெலிந்த மடிக்கணினிகள் 65 வாட் அல்லது 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரிலேயே ஓடிவிடும். அதே சார்ஜரில் கைப்பேசியையும் ஏற்றிக்கொள்ளலாம். தனிச் சிப் உள்ளவற்றிலும் சில, யுஎஸ்பி-சி வழியாக மெதுவாக ஏறும். வகுப்புக்குச் சிறிய சார்ஜர், கேமுக்கு விடுதியில் பெரிய சார்ஜர் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் இதற்கு வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியில் கேம் விளையாடுவது பற்றி ஒரு கணக்கு போதும். 75 வாட்-மணி பேட்டரி. கேம் ஓடும்போது மொத்தமாக 100 வாட் செலவு. முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும்போது சிப் தானாகவே வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அதே பேட்டரியில் 8 வாட் செலவில் பாடம் தட்டச்சு செய்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். "பத்து மணி நேரப் பேட்டரி" என்று கடையில் சொல்வது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

இடி மின்னல் மாதங்களில், இடுக்கி மலைப்பக்கம் இருப்பவர்கள் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் தூங்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு எனக்கு வரும் வேலையில் கருகிய மதர்போர்டுகள் தவறாமல் இருக்கும்.

நினைவகத்தில் பின்னால் திருத்திக்கொள்ள முடியாத முடிவு ஒன்று இருக்கிறது. மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் அது பிராசஸரின் பொதிக்குள்ளேயே இருக்கிறது. பிறகு கூட்டித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நடக்காது. உள்ளமை கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. இதே ரேமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். எனவே 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்; கைக்கு எட்டினால் 32. ரேமைக் கழற்றிப் பொருத்தும் வகையாக இருந்தால், ஒற்றைப் பலகையாக இல்லாமல் இரண்டு பலகையாக இருக்கட்டும். ஒற்றையில் தரவு போகும் பாதை பாதியாகிவிடுவதால் கேமின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவில் விழும். கேம்களையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பிறகும் பெரிதாக்கலாம் என்பதால் அது அவ்வளவு கவலைக்குரியதல்ல; ஆனால் ஒரே ஒரு பெரிய கேம் நூறு ஜிபியைத் தாண்டும் காலம் இது. 512 ஜிபி விரைவில் நிறையும்.

எடை குறைவு, தொடுதிரை உண்டு, விலையும் பரவாயில்லை என்று ஆசை காட்டும் இரண்டு வகைகளில் கேம் பிரியர்கள் ஏமாந்து போகிறார்கள். ஒன்று, விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக். விண்டோஸுக்கு எழுதிய கேம்களை அதில் நிறுவ முடியாது. இன்னொன்று ஸ்னாப்டிராகன் பிராசஸர் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி. பேட்டரிக்கும் படிப்புக்கும் அது அருமையான கருவி. நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் கேம்கள் வேறு வகைப் பிராசஸருக்காக எழுதப்பட்டவை. அவற்றை மொழிபெயர்த்துத்தான் அது ஓட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தடை, ஆன்லைன் போட்டிகளில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கக் கணினியின் அடியாழம் வரை இறங்கிக் கண்காணிக்கும் மென்பொருள்கள்; அவற்றில் சில ஸ்னாப்டிராகனில் ஓடுவதில்லை. வேலரன்டின் காவல் மென்பொருள் அப்படிப்பட்டது. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியும் இயங்கும் நிலையில் இருந்தால்தான் அது கேமையே திறக்க விடும். பழைய மடிக்கணினியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் கேமுக்காக வாங்க வேண்டாம்.

எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கேரளத்தில் வாங்கினால் வரி குறைவா? இல்லை. மடிக்கணினிக்கு ஜிஎஸ்டி இரு மாநிலங்களிலும் 18 சதவீதம்தான். விலையில் வித்தியாசம் வருவது பண்டிகைத் தள்ளுபடியால். கேரளக் கடைகள் ஓணத்துக்குத் தள்ளுபடியைக் கொட்டும். நம் பக்கம் தீபாவளிக்கு. எல்லையில் இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு வாய்ப்பு. ஓணத்தில் தவறினாலும் இரண்டு மாதம் பொறுத்தால் தீபாவளி வந்துவிடும்.

தள்ளுபடியை விட முக்கியமாக நான் பார்ப்பது, பழுதானால் யார் வருவார்கள் என்பதை. இந்தியாவில் விற்ற மடிக்கணினியின் வாரண்டி பொதுவாக நாடு முழுவதும் செல்லும். ஆனால் வீட்டுக்கே வந்து சரிசெய்யும் சேவை எல்லா அஞ்சல் எண்ணுக்கும் கிடைப்பதில்லை. தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, உங்கள் வீட்டு அஞ்சல் எண்ணையும் விடுதி அஞ்சல் எண்ணையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடுதிரையை மாற்ற மதுரைக்கோ கொச்சிக்கோ இரண்டு முறை போய் வந்தால், மிச்சம் பிடித்த காசு பேருந்திலேயே போய்விடும்.

மருமகன் கடைசியில் என்ன முடிவெடுத்தான் என்று சொல்லிவிடுகிறேன். அவன் விளையாடும் மூன்று கேம்களையும் காகிதத்தில் எழுத வைத்தேன். வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஒரு கால்பந்து கேம். தனிச் சிப் தேவைப்படுவது அவற்றில் ஒன்றுகூட இல்லை. உள்ளமை கிராபிக்ஸ், 32 ஜிபி ரேம், 1920-க்கு 1200 திரை, பேனா ஆதரவு, 360 டிகிரி மடங்கும் 14 அங்குலப் பெட்டி என்று பட்டியல் போட்டோம். இரண்டு மாடல்கள் தேறின. ஒன்று சற்றே மெலிது. இன்னொன்று 110 கிராம் கனம் கூடினாலும் விசிறி இரண்டு. கம்பம் வீட்டு மாடியறையை நினைத்து இரண்டு விசிறி உள்ளதையே எடுக்கச் சொன்னேன்.

ஓணத் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டு வந்தவன், பெட்டியைப் பிரித்ததும் செய்த முதல் வேலை, மடிக்கணினியையும் சார்ஜரையும் கொண்டுபோய் ஏலக்காய்த் தராசில் வைத்தது. 1 கிலோ 820 கிராம்.